கலயத்துக்குள் தாணுவின் குரல்

கீழச்சேந்தனூரில் தாணுலிங்கத்தின் வாய் ஒரு தெருவிலும் அவனுடைய குரல் வேறொரு தெருவிலும் இருந்த காலம் ஒன்று உண்டு, அது கொஞ்ச நஞ்சக் காலமும் இல்லை, அவன் அரைக்கால் சட்டை போட்டிருந்த வயதில் தொடங்கி அவன் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் நீண்டது, ஆனாலும் ஊர்க்காரர்கள் அதற்காகத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கும், ஊருக்குள் நுழையாமல் ரோட்டு விலக்கிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போகும் பேருந்துக்கும் எப்படி ஒரு வழி செய்துகொண்டார்களோ, அப்படி இதற்கும் ஒரு வழி செய்துகொண்டார்கள். வாய் தாணுவிடமே இருந்தது. குரல் மட்டும் மாசானமுத்துவின் வீட்டுப் பரணில், புளிப் பானைக்குப் பின்னால், கைக்கு அடக்கமான ஒரு மண் கலயத்துக்குள் இருந்தது.

மாசானம் மந்திரவாதி சுடலையாண்டியின் ஒரே மகன். தாய் அவன் நடை பழகும் முன்பே போய்விட்டாள். சுடலையாண்டிக்குப் பெரிய வரும்படி வாய்க்கட்டில்தான். வரப்பு வழக்கில் எதிராளிக்குச் சாட்சி சொல்ல வருகிறவன் கோர்ட்டுக் கூண்டில் ஏறியதும் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதற்குச் செய்கிற கட்டுதான் வாய்க்கட்டு. ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாரும் அதற்கு வந்தார்கள், கொல்லை வாசல் வழியாக வந்தார்கள், காரியம் முடிந்ததும் அதே வழியாகப் போனார்கள், மறுநாள் கடைவீதியில் சுடலையாண்டி எதிரே வந்தால் அண்ணாந்து மழைக்கு அறிகுறி பார்த்தார்கள். எவ்வளவு வெயிலில் வந்தாலும் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒருவரும் வாயில் விட்டதில்லை. மந்திரவாதி வீட்டுத் தண்ணீர் உள்ளே போனால் அப்புறம் வாய் நம் சொல் கேட்காது என்று ஒரு பேச்சு. பள்ளிக்கூடத்தில் மாசானத்தின் பெஞ்சில் மற்றப் பையன்கள் ஒரு ஓரமாக நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ள, அவனுக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. அந்தத் தாராளத்தைப் போல அவனை வருத்தியது வேறெதுவும் இல்லை.

தாணு வாழைக்காய் மண்டிக்காரர் மகன். அவன் எழுந்து நின்று தமிழ்ப் பாடத்தை வாசித்தால் பக்கத்து வகுப்பு வாத்தியார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் வந்து நிற்பார், அப்படி ஒரு தொண்டை. கேட்கிற எந்தக் குரலையும் அப்படியே எடுத்துப் போடுகிற வித்தையும் அதில் இருந்தது. காலையில் மாசானம் வகுப்புக்குள் நுழையும்போது தாணு, சுடலையாண்டியின் குரலில், சுடலையாண்டியின் இருமலோடு சேர்த்து, மந்திரம் சொல்லி வரவேற்பான், வகுப்பு சிரிக்கும், வாத்தியார் தன் சிரிப்பு தெரியாதிருக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு நாள் மாசானமே சிரித்துவிட்டான், அவ்வளவு அச்சாக இருந்தது. அவனுக்குத் தாணுவைப் பிடித்திருந்தது என்பதுதான் இதில் கேவலம். அந்தத் தொண்டை தன் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னோடு, சும்மா ஏதாவது பேசாதா என்று அவன் ஏங்கினான்.

ஆண்டு விழாப் பேச்சுப் போட்டியில் இருவரும் இருந்தார்கள். மாசானத்துக்கு நல்ல ஞாபக சக்தி, முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்திருந்தான். மேடையேறி வணக்கம் சொல்லி வாயைத் திறக்கிற நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து சுடலையாண்டியின் குரல் வந்தது: "எலே மாசானம், பலிக்குக் கருங்கோழி பிடிக்கச் சொன்னனே, பிடிச்சிட்டியால?" மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு அசல் சுடலையாண்டியும் வந்திருந்தார், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, யார் பக்கத்திலும் நிற்காமல் காம்பவுண்டுச் சுவரோரம் நின்றிருந்தார், தன் குரல் வேறொரு வாயிலிருந்து வருவதைக் கேட்டு அவரும் கொஞ்சம் சிரித்தார், பிறகு மகன் பேசி முடிக்கும் வரை நிற்காமல் போய்விட்டார். பேச்சு மறந்து மேடையில் நின்ற மாசானத்துக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

மறுநாள் உச்சி வேளையில் அவன் தாணுவின் காலடி மண்ணை எடுத்துப் புதுக் கலயத்தில் போட்டு, அப்பா செய்யப் பார்த்தபடியே எல்லாம் செய்து, துணியால் அதன் வாயைக் கட்டினான். கட்டியதை முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், அதுதான் முறை. ஆனால் அந்த முச்சந்தியில் ஐஸ்காரரைச் சுற்றிப் பள்ளிக்கூடமே நின்றுகொண்டிருந்தது. இன்னொரு முறை அவர்கள் சிரிப்பதைத் தாங்க அவனால் ஆகாது. கலயத்தைச் சட்டைக்குள் மறைத்து, வயிற்று வலிக்காரன் போலக் குனிந்து கூட்டத்தைக் கடந்து, நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்துவிட்டான். மந்திரவாதி மகன் செய்யக்கூடாத பிழை அது ஒன்றுதான்.

விடிந்ததும் தாணு தன் வீட்டில் அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தான், மாசானத்தின் வீட்டுப் பரணிலிருந்து "எம்மா, காப்பி" என்று சத்தம் வந்தது.

சுடலையாண்டி மகனை அடிக்கவில்லை. "முச்சந்தியில போக வேண்டியத வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே" என்று மட்டும் சொன்னார். மண்டிக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழ, சுடலையாண்டி பதறி, கலயத்தைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். அதனால் வந்த லாபம், குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. கட்டினவன் கைதான் மாற்று வைக்க வேண்டும், கட்டினவனுக்கோ கட்டத்தான் தெரியும், மாற்றத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் திண்டாடிப்போய் உட்கார்ந்தார். சில வருஷங்களில் அவரும் காலமாக, அந்த வீட்டில் மாசானமும் கலயமும் மிஞ்சினார்கள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் தாணு கையைத் தூக்கினான், "உள்ளேன் ஐயா" நான்கு தெரு தள்ளி ஒலித்தது, வாத்தியார் வருகை போட்டார். வாய்ப்பாடு ஒப்பிக்கும் நாளில் நன்றாகக் காது கேட்கிற ஒருவனை மாசானத்தின் வீட்டு ஜன்னலுக்கு அனுப்பி, சரியாகச் சொல்கிறானா என்று கேட்டு வரச் சொன்னார்கள். மைக் செட்டுக்காரர் ஒருவர் தானாக முன்வந்து மைக்கைக் கலயத்துக்குள் விட்டுப் பார்த்தார், கொசு பறக்கிற சத்தம்தான் வந்தது. டெலிபோனிலும் அது ஏறவில்லை. அந்தக் குரல் கேட்க வேண்டுமானால் காது கலயத்துக்கு வர வேண்டும் என்பது தெரிந்துபோனது, சரி என்று காதுகள் வந்தன.

தாணு பெரியவனாகி மண்டியில் ஏலம் போட நின்றபோது மண்டியே இடம் பெயர்ந்தது. பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த கொட்டகையைப் பூட்டிவிட்டு, ஏத்தனும் கோழிக்கூடும் ரசகதலியுமாக வகை வகையான வாழைத் தார்களை மாசானத்தின் தெருவில் இரண்டு பக்கமும் வரிசையாகச் சாத்தினார்கள், தெருமுனையில் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டார்கள், தாணு அதில் ஏறி நின்று விரல் நீட்டி வாயை அசைப்பான், தெரு நடுவில் மாசானத்தின் ஜன்னலிலிருந்து "ஏத்தன் ஒரு தரம், ஏத்தன் ரெண்டு தரம்" என்று கணீரென்று வரும். கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமுமாக நின்று ஏலம் கேட்க வெளியூர் வியாபாரிகளுக்கு முதலில் கழுத்து வலித்தது, பிறகு பழகிவிட்டது. தாணு அந்த முக்காலியைத் தாண்டித் தெருவுக்குள் ஒரு அடி வைத்ததில்லை. மாசானம் இருக்கிற பக்கம் பார்த்ததும் இல்லை. தன் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவன் தாடை இறுகுவதை மாசானம் ஜன்னல் வழியாகப் பார்ப்பான்.

ஆனால் ஏலத்துக்கு முன்னால் யாராவது ஒரு தரகர் முன்வாசலுக்கு, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க வந்து நின்று, "மாசானம், கலயத்தக் கொஞ்சம் ஜன்னல்ல எடுத்து வையுமய்யா" என்று சொல்வார். மாசானம் அதற்காகவே தலை சீவிக் காத்திருப்பான்.

தாணுவுக்குப் பெண் கொடுக்கக் கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து வந்தவர்கள், மாப்பிள்ளையை மாப்பிள்ளை வீட்டில் பார்த்துவிட்டு, அவன் பேச்சைக் கேட்க இங்கே வந்தார்கள். பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள், தண்ணீர் வேண்டாம் என்றார்கள், சொன்ன நேரத்துக்குக் கலயம் பேசியது: "நான் தாணுலிங்கம். மண்டியில ஏலம் போடுதேன். பொண்ணு என் உதட்டப் பாத்து எம் பேச்சப் புரிஞ்சுக்கிடுமா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க." பெண்ணின் தகப்பனார் சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, "குரல்ல கள்ளமில்ல" என்றார். தட்டு மாற்றிவிட்டார்கள். வந்தவள் பெயர் வடிவு. சந்தைக் கூட்டத்தில் அந்தக் கடைசியில் தாணு உதட்டை அசைத்தால் இந்தக் கடைசியிலிருந்து பதில் சொல்லும் அளவுக்கு அவள் சீக்கிரமே தேறிவிட்டாள்.

அவர்களுக்கு மகள் பிறந்தபோது மத்தியானங்களில் வடிவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாசானத்தின் வீட்டுக்கு வருவாள். உத்தரத்தில் சேலையைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டால், தாணு தன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பாடுகிற தாலாட்டு இங்கே கேட்கும். மாசானம் இடைஞ்சலாக இருக்க வேண்டாமென்று கிணற்றடிக்குப் போய்விடுவான். ஒரு நாள் உள்ளே எதையோ எடுக்க வந்தவனைப் பார்த்து, தூங்கி விழித்த பிள்ளை பொக்கை வாயால் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் ஒரு வருஷத்தை ஓட்டினான்.

இதனால் மாசானம் நல்லவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பாவின் தொழிலை அவன் எடுத்துக்கொண்டான், அப்பாவைவிடக் கெட்டிக்காரனாகச் செய்தான், ஏழை சம்சாரிகள் கோர்ட்டில் வாயடைத்து நின்று நிலத்தைத் தோற்றதில் அவன் கைக்கும் பங்கு உண்டு. ஆனால் தாணுவின் விஷயத்தில் அவனுக்கு என்று ஒரு ஒழுங்கு இருந்தது. விளக்கு வைத்ததும் கலயத்தைக் கம்பளியில் சுற்றி நெல் குதிருக்குள் இறக்கிவிடுவான், புருஷன் பெண்டாட்டி பேச்சு அடுத்தவன் காதுக்கு இல்லை. அப்படியும் காதில் விழுந்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை. தாணு எந்தத் தாருக்கு எவ்வளவு வரை இறங்குவான் என்று தெரிந்துகொள்ள ஒரு வியாபாரி கொல்லை வாசலில் வந்து நின்றபோது கதவை முகத்தில் அடித்துச் சாத்தினான். அதே வியாபாரிக்கு அடுத்த மாதம் வேறொருவன் வாயைக் கட்டிக் கொடுத்தான்.

பகலெல்லாம் அந்தக் குரல்தான் அவனுக்குத் துணை. அது "இன்னிக்கி வெக்க தாங்கல" என்றால் இவன், "ஒரு மழ பெஞ்சாத் தேவல" என்பான். அது யாரிடமோ ஒரு கதையைச் சொல்லிச் சிரித்தால் இவனும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து சிரிப்பான். பள்ளிக்கூடத்தில் எதற்கு ஏங்கினானோ அது கிடைத்திருந்தது. அவனைப் பார்த்து அது ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை என்பது மட்டும்தான் குறை, அந்தக் குறையை அவன் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

தாணுவின் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் ஒரு காலை, கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, மாற்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான், யாரும் சொல்லாமல், தொலைந்த சாவி கையில் தட்டுப்படுகிற மாதிரி. கட்டினவன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கட்டினவன் கையாலேயே அந்தக் கலயத்தில் ஊற்ற வேண்டும், குரலுக்கு உடையவன் அதைக் குடிக்க வேண்டும், தீர்ந்தது. மாசானம் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றான். தாணு இந்த வீட்டுத் தண்ணீரைக் குடிப்பானா, மாட்டான், அப்புறம் சொல்லி என்ன என்று முதலில் நினைத்தான். பண்டிகை கழியட்டும் என்று நினைத்தான். பிறகு அதை நினைப்பதையே விட்டான். குரல் போய்விட்டால் தார்கள் போய்விடும், தரகர்கள் போய்விடுவார்கள், முன்வாசல் கதவைத் திறந்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, சோற்றை மென்று விழுங்குகிற சத்தத்தைத் தவிர இந்த வீட்டில் வேறு சத்தம் இருக்காது. அது அவனுக்கு மரண பயமாக இருந்தது.

வருஷங்கள் போயின. மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். வடிவுக்குச் சர்க்கரை வியாதி வந்து, கண் மங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லும்போது, எதிரே இருந்த தாணுவின் உதடுகள் அவளுக்கு ஒரு கலங்கலாக மட்டும் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. வீட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் பேச்சு நின்றுபோனது.

ஊர் இதற்கும் ஒரு வழி செய்தது. தினமும் ஏலம் முடிந்த பிறகு வடிவு சுவரைத் தடவிக்கொண்டே மாசானத்தின் வீட்டுக்கு வந்து, ஜன்னலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். அவள் பத்திரமாக வந்து சேர்கிறாளா என்று தாணு குழாயடி வரை வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிப் போய், காலியாகக் கிடக்கும் கட்டிலைப் பார்த்துப் பேசுவான். "வடிவு, மக போன் பண்ணினா. மருமகனுக்கு ஷிப்டு மாத்திட்டாங்களாம்" என்று இங்கே கேட்கும். அவள் கேட்டுக்கொள்வாள், வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்வாள். அவள் பதில் சொல்வதை மாசானம் கேட்டதில்லை, ஆனால் நாற்காலியில் ஒரு ஆள் தினமும் வந்து உட்காருவது அவனுக்குப் போதுமாக இருந்தது. அவளுக்குக் கண் போனதில் தனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்த நாளில், அவன் சாப்பிடாமல் படுத்தான்.

ஒரு மத்தியானம் தெருவில் தார் ஏற்ற வந்த லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. வடிவு குழாயடிப் பக்கத்துச் சுவரைப் பிடித்து வந்துகொண்டிருந்தாள். குழாயடியில் நின்ற தாணு லாரியைப் பார்த்தான், அவளுக்கு அது தெரியாது என்பதைப் பார்த்தான், தன்னை மறந்து கத்தினான்.

"வடிவு, நில்லு! இங்க வா, இங்க வா!"

அவன் தன் பக்கம் திரும்பி வரச் சொன்னான். கத்தினது எதிர்ச்சாரியில் மாசானத்தின் ஜன்னலிலிருந்து கேட்டது. நாள் தவறாமல் அந்த ஜன்னலைத் தேடி வந்து பழகிய பெண், சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, புருஷன் கூப்பிட்ட இடத்துக்கு, தெருவுக்குக் குறுக்கே விறுவிறுவென்று நடந்தாள்.

சுமை ஏற்றுகிறவர்கள் லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார்கள், டிரைவர் மிதித்த மிதியில் தார்கள் சரிந்தன, அப்படியும் பின்கதவு அவளை இடித்துத் தள்ளிவிட்டது. மணிக்கட்டு ஒடிந்ததோடு போனது பெரிய காரியம். தாணு முக்காலியைத் தாண்டி ஓடி வந்தான், அந்தத் தெருவுக்குள் முதல்முறையாக ஓடி வந்து, அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்து, "ஒண்ணுமில்ல வடிவு, நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்றான். ஜன்னலிலிருந்து அது கேட்டது. அவன் மடியில் கிடந்தவள் முகத்தை அவனிடமிருந்து விலக்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள், ஒடியாத கையை ஜன்னலை நோக்கி நீட்டினாள். தாணு அந்தக் கையைப் பார்த்தான். பிறகு வாசலில் சோற்றுக் கையோடு நின்ற மாசானத்தைப் பார்த்தான். மாசானத்தால் அங்கே நிற்க முடியவில்லை, உள்ளே போய்விட்டான்.

திடீரென்று புண்ணியவான் ஆகிற ஆசை ஒன்றும் அவனுக்கு வரவில்லை. அந்தக் கை நீண்டதை மட்டும் அவனால் மறக்க முடியவில்லை, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அது தெரிந்தது. கட்டுப் போட்ட கையோடு வடிவு மறுபடி வந்த நாளில், பக்கத்து வீட்டுப் பெண் அவளை நாற்காலியில் உட்கார்த்திவிட்டுப் போனதும், அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"மைனி" என்றான். அதுவரை அவளை எந்த முறை சொல்லியும் அவன் கூப்பிட்டதில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இந்தக் கலயத்துல எங்க கிணத்துத் தண்ணிய ஊத்தித் தாரேன். தாணு அதக் குடிச்சிட்டாம்னா குரல் அவங்கிட்டயே வந்துரும்."

அவள் முகம் அசையவில்லை. கலயத்துக்குள் தாணு, "இன்னிக்கி ரசத்துல உப்பு கூடிட்டு வடிவு, கோவப்படாத, வாசன பாத்துக்கிட்டே போட்டுட்டேன்" என்றான். அது முடியும் வரை அவள் பொறுத்திருந்தாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

நேற்றுத்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம், அவளால் அவன் முகத்தைப் பார்க்கவும் முடியாது. "ரொம்ப வருசமாத் தெரியும்" என்றான்.

"எம் மக இங்க தொட்டில்ல கெடந்தாளே, அப்பவா?"

"அப்பத் தெரியாது. அவ பள்ளிக்கூடம் போகும்போது தெரியும்."

"எனக்குக் கண்ணு மங்கும்போது?"

"தெரியும்."

வடிவு நல்ல கையால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒத்தையில கெடக்குதது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்கும் தெரியும் அண்ணாச்சி, நான் இப்ப இருட்டுக்குள்ளதான கெடக்கேன். அதுக்காவ எங்க வீட்டுச் சத்தத்த எடுத்து ஒங்க வீட்டுல வச்சிக்கிட்டியளே. ஒரு நாளு அவியகிட்ட வந்து, எங்க வீட்டுல வந்து பேசிட்டுப் போடேன்னு கேட்டிருக்கக் கூடாதா?"

"வந்திருக்க மாட்டான் மைனி."

"வந்திருப்பாவளோ மாட்டாவளோ. நீங்க கேக்கலியே."

மாசானம் கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டு இறைத்தான். கலயத்தில் தண்ணீரை ஊற்றும்போது உள்ளேயிருந்த குரல் குளத்துக்கு அடியிலிருந்து வருகிற மாதிரிக் குழைந்தது, என்ன பேசுகிறது என்று தெரியாமல் போனது. அதைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"மொதல்ல எனக்கு ஒரு தம்ளர்ல இந்தக் கெணத்துத் தண்ணி கொடுங்க" என்றாள்.

அவன் கழுவிய தம்ளரைத் திரும்பவும் கழுவி, நிறைய மொண்டு கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்து, நிறுத்தி, தனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்து, மீதியையும் குடித்தாள். அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்த முதல் ஆள் அவள்தான், அதுவும் புருஷனுக்குக் கொடுக்கலாமா என்று பார்ப்பதற்காகக் குடித்தாள். தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து அவள் தோளைப் பிடித்து நடத்திப் போனாள், தண்ணீருக்குள் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் குரல் தெருமுனை வரை போனது, குழாயடியில் திரும்பியதும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தாணுவின் வீட்டுப் பக்கம் வெடி போட்டார்கள். குரல் வந்துவிட்டது என்று அதிலிருந்து மாசானம் தெரிந்துகொண்டான், யாரும் வந்து சொல்லவில்லை. இத்தனை வருஷமும் தாணு பகலில் சொன்ன எதுவும் தனக்குத் தெரியாமல் இருந்ததில்லை, இன்றைக்கு வடிவைப் பார்த்து முதலில் என்ன சொன்னான் என்பது தனக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்தபோது, பெரிய ஆளாகிவிட்டோமே என்று பார்க்காமல் அழுதான்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது, எப்போதும் இப்படித்தான் இருந்தது என்பது போல எடுத்துக்கொண்டது. அடுத்த வாரமே பேருந்து நிலையத்துக் கொட்டகையைத் திறந்து ஒட்டடை அடித்தார்கள், பெஞ்சுகளையும் தராசையும் வண்டியில் ஏற்றினார்கள், பிளாஸ்டிக் நாற்காலி யாருடையது என்று கேட்டு அதையும் எடுத்துப்போனார்கள். கழுத்து வலி விட்டது என்று வியாபாரிகள் சொல்லிக்கொண்டார்கள். மாசானத்தின் தெருவில் வாழைச் சருகு கொஞ்ச நாள் பறந்துகொண்டிருந்தது, பிறகு அதையும் கூட்டி அள்ளினார்கள். ஆள் வராத முன்வாசலைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன முடியாமல், அவன் ஒரு காலையில் தலை சீவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. ஒரு ஓரமாக நின்று கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனான்.

தூரத்திலேயே கேட்டது. கலயத்துக்குள் கேட்டதைவிடக் கனமாக, எச்சிலும் மூச்சும் கலந்து, வாய்க்குள்ளிருந்து வருகிற குரலாக இருந்தது. மாசானம் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றான். முக்காலி மேல் நின்ற தாணு, "ஏத்தன் ஒரு தரம், ஏத்தன் ரெண்டு..." என்று வந்தவன், அவனைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

வியாபாரிகள் காத்திருந்தார்கள். தாணு கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி, மாசானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபமாகக்கூட இல்லை அந்தப் பார்வை. ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்று மாசானம் நின்றான். திட்டவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள், கடைசியில் ஒரு வயசான தரகர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே சொன்னார்.

"மாசானம், நீரு நிக்குத வரைக்கும் ஏலம் நடக்காது போலிருக்கு. கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போருமய்யா."

அவன் டீக்கடை வரை போய் நின்றான். சத்தம் வரவில்லை. பெட்டிக்கடையைத் தாண்டிப் போய் நின்றான், அங்கும் வரவில்லை. முக்காலி மேல் நிற்கிறவனுக்கு ரோடு திரும்புகிற வளைவு வரை தெரியும். மாசானம் வளைவையும் தாண்டி, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நடந்தான், நடக்க நடக்கப் பேருந்து நிலையத்து இரைச்சலும் ஓய்ந்தது, தன் தெருமுனைக்கே வந்துவிட்டான், ஒன்றும் கேட்கவில்லை. குழாயடியில் நின்றான். கொஞ்ச நேரத்தில் கேரியரில் இரண்டு தார் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு வெளியூர்க்காரர் வந்தார்.

"ஏலம் ஆரம்பிச்சாச்சா?" என்று மாசானம் கேட்டான்.

"அப்பவே ஆரம்பிச்சு, நான் தார் எடுத்துக் கெட்டியும் ஆச்சே" என்றார் அவர். "நடுவுல என்னமோ கொஞ்சம் நின்னுது. ஏலம் போடுதவரு தொண்ட என்னா தொண்டங்கிய. நீரு கேட்டதில்லையா?"

மாசானம் தலையை ஆட்டினான். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மாசானம் வீட்டுக்குள் போய் முன்வாசல் கதவைச் சாத்தினான்.